பாலையும் சீமெந்துக் கல்லும்: வீட்டுப் பட்டறைக்கு எந்தச் சாமானை முதலில் வாங்குவது?

#1 அக்கராயன்வாசி

வணக்கம். வீட்டோட 12 அடிக்கு 10 அடியில ஒரு தகரக் கொட்டில் இருக்கு. வீட்டு மின்பெட்டியில இருந்து 25 மீற்றர் தூரம். அதைப் பட்டறையாக்கப் போறன். செய்ய வேண்டிய வேலை: இரண்டு அறைக் கதவு (பாலை மரத்தில செய்த நிலை ஏற்கனவே நிக்குது, கதவுக்கு முதிரை மரப் பலகை), குசினிச் சுவரில தட்டு, ஆட்டுக்கொட்டில் கூரை, பொக்ஸ் பாரில (சதுர இரும்புக் குழாய்) ஒரு கேற். சுவர் எல்லாம் 6 அங்குலச் சீமெந்துக் கல். பின்னேரத்தில மின்சாரம் 200 வோல்ற் வரைக்கும் இறங்குது, மீற்றர் வைச்சுப் பார்த்தாச்சு.

ஒரேயடியா வாங்க ஏலாது, மூன்று தவணையா வாங்கலாம். கடையில 100 துண்டுப் பெட்டி ஒண்டைக் காட்டி, எல்லாம் இதுக்குள்ள அடங்கும் எண்டு சொல்லினம். எந்த ஒழுங்கில வாங்கினால் நல்லது?

#2 நெடுங்கேணித் தச்சு

தம்பி, அந்தப் பெட்டியை விடுங்கோ. அதில பாதிக்கு மேல ஸ்குறூ திருப்புற நுனியும் சின்னச் சின்னச் சொக்கற்றும்தான். உளியும் குறடும் மெல்லிய இரும்பாத்தான் இருக்கும். பாலையில ஒரு துளை வெட்டி முடிக்க முதல் வாய் மடிஞ்சிடும்.

கதவு வேலைக்குக் கைக்கருவி இவ்வளவு போதும்: 6, 12, 20, 25 மி.மீ. உளி நாலு, ஒரு சீவுளி, பொடிப்பல்லு வாள் ஒண்டு, மூலைமட்டம், 5 மீற்றர் ரேப், ரசமட்டம், சுத்தியல், உளி அடிக்க ஒரு கொட்டாப்புளி. உளி வாங்கேக்க பிடியின்ர தலையில இரும்பு வளையம் இருக்குதோ எண்டு பாருங்கோ. பாலைக்கு அடிக்கிற அடியில வளையம் இல்லாத பிடி பிளக்கும்.

கடையில வைச்சே மூன்றைச் சோதிக்கலாம். மூலைமட்டத்தை நேர் விளிம்புள்ள பலகையில வைச்சு ஒரு கோடு கீறுங்கோ, பிறகு மறுபக்கம் பிரட்டி அதே புள்ளியில இன்னொரு கோடு. இரண்டும் ஒண்டு மேல ஒண்டு விழ வேணும். ஓரத்தில விரிஞ்சால், அந்த விரிவில பாதி மூலைமட்டத்தின்ர பிழை. ரசமட்டத்தை மேசையில வைச்சுக் குமிழி எங்க நிக்குதெண்டு பார்த்து, தலைகீழ் மாறாமல் இடம் வலம் திருப்பி அதே இடத்தில வையுங்கோ. குமிழி மேசையின்ர அதே பக்கம் அதே அளவு நிண்டால் மட்டம் சரி. ரேப்பின்ர நுனிக் கொக்கி ஆடும், அது பழுதில்லை. கொக்கித் தகட்டின்ர தடிப்பளவுக்குத்தான் அது ஆட வேணும். வெளியில கொழுவி இழுத்தாலும் உள்ளுக்கு முட்ட வைச்சாலும் அளவு சரியா வாறதுக்குத்தான் அப்பிடி வைச்சிருக்கு. அதை அடிச்சு இறுக்கிறவை இருக்கினம், பிறகு ரேப் பொய் சொல்லும்.

வாளில பல்லு நுனி கறுத்து நீலம் பாஞ்சிருந்தால் அது சூடேற்றி இறுக்கின பல்லு. அரம் பிடிக்காது, மழுங்கினால் மாத்த வேண்டியதுதான். ஆனால் முதிரைக்கு அதுதான் நிண்டு பிடிக்கும்.

#3 ஓமந்தை வயர்மன்

கருவிக்கு முன்னர் மின்சாரத்தைப் பாருங்கள். 230 வோல்ற்றுக்கு 6 வீதம் மேல் கீழ் என்பதுதான் இங்குள்ள வரையறை. அதாவது 216 வோல்ற்றுக்குக் கீழே போகக் கூடாது. 200 வருகிறது என்றால் நேரம், அளவு இரண்டையும் ஒரு கிழமைக்கு எழுதி, மின்சார அலுவலகத்தில் எழுத்தில் கொடுங்கள். வாயால் சொன்னால் பதிவு இருக்காது.

அடுத்தது வயர். 25 மீற்றர் தூரம் என்றால் மின்சாரம் போய்வர 50 மீற்றர் செம்பு. 10 அம்பியர் இழுக்கும் கருவிக்கு 0.75 சதுர மி.மீ. எக்ஸ்ரென்சன் வயரில் சுமார் 13 வோல்ற் வயரிலேயே விழும். 1.0 சதுர மி.மீ. என்றால் 10 வோல்ற், 1.5 என்றால் 6½, 2.5 என்றால் 4. சுவரில் 200 இருக்கும்போது 0.75 வயரில் கொண்டுபோனால் கொட்டிலில் 187 தான் கிடைக்கும். கிறைண்டர், ட்றில் போன்றவற்றில் சுற்று குறையும், குறைந்ததை ஈடுசெய்ய நீங்கள் அழுத்துவீர்கள், மோட்டர் சூடாகும். பெஞ்ச் கிறைண்டர், கொம்பிறசர் போன்ற இண்டக்சன் மோட்டர்களில் நிலைமை மோசம். அவற்றின் திருப்புவிசை வோல்ற்றின் வர்க்கத்தோடு குறையும். 187 வோல்ற்றில் மூன்றில் ஒரு பங்கு விசை போய்விடும், தொடங்கவே மாட்டாமல் உறுமிக்கொண்டு நிற்கும்.

ஆகவே முதல் தவணையில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்குங்கள். வீட்டு மின்பெட்டியில் தனி பிறேக்கர் போட்டு, 4 சதுர மி.மீ. வயர், எர்த் சேர்த்து, குழாய்க்குள் விட்டு நிலத்துக்கடியில் கொட்டிலுக்குக் கொண்டுபோங்கள். 20 அம்பியர் இழுத்தாலும் 5 வோல்ற்றுக்குள் நிற்கும். அனுமதி பெற்ற மின்னியலாளரைக் கொண்டு செய்யுங்கள். மின் ஒழுக்கு வந்தால் தானாகத் துண்டிக்கும் 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச் கட்டாயம். அதில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அமர்த்திப் பாருங்கள், விழாவிட்டால் அது வெறும் சுவிட்ச்தான்.

சுருள் றீலில் வரும் எக்ஸ்ரென்சன் வைத்திருந்தால் வேலைக்கு முன் முழுவதையும் இழுத்து விரியுங்கள். சுற்றியபடியே கிறைண்டர் ஓட்டினால் உள்சுற்றின் சூடு வெளியேற வழியில்லாமல் பிளாஸ்ரிக் உருகி ஒட்டிக்கொள்ளும்.

#4 பரந்தன் பட்டறை

வயர்மன் அண்ணை சொன்னதுக்கு மேல ஒண்டும் இல்லை, கரண்டுதான் முதல். அதுக்கடுத்து வாங்க வேண்டிய மின்கருவி எண்டால் 4 அங்குலக் கிறைண்டர். பொக்ஸ் பார் வெட்ட, வெல்டிங் மினுக்க, கத்தி தீட்ட, சீமெந்துக் கல் வெட்ட, எல்லாத்துக்கும் அதுதான். 700 முதல் 850 வாற் போதும். சுவிட்சைப் பாருங்கோ: பின்னால நெம்புகோல் மாதிரி அமத்திப் பிடிக்கிறது நல்லது, கை விட்டால் நிக்கும். தள்ளிப் பூட்டுற சுவிட்ச், கையில இருந்து விழுந்தாலும் சுத்திக்கொண்டே கிடக்கும்.

டிஸ்க் வாங்கேக்க நடுவில உள்ள இரும்பு வளையத்தைத் திருப்பிப் பாருங்கோ. அதில மாதமும் ஆண்டும் அச்சடிச்சிருக்கும், அதுதான் முடிவுத் திகதி. டிஸ்க்கில மணலைப் பிடிச்சு வைச்சிருக்கிற பிசின் காலம் போகப் போக, ஈரம் குடிக்கக் குடிக்கப் பலம் இழக்கும். மாரி முழுக்கக் கொட்டில் நிலத்தில கிடந்த டிஸ்க்கைப் போடாதேங்கோ. வெட்டுற டிஸ்க் 1 மி.மீ., தேய்க்கிற டிஸ்க் 6 மி.மீ. தடிப்பு. 1 மி.மீ. டிஸ்க்கின்ர பக்கத்தால ஒருநாளும் தேய்க்கக் கூடாது.

பொக்ஸ் பார் வெட்டேக்க அதிகமானோர் விடுற பிழை: இரண்டு முனையையும் கல்லில தாங்க வைச்சு நடுவில வெட்டுறது. வெட்டு ஆழமாக ஆகப் பார் நடுவில தொய்யும், வெட்டின வாய் மூடி டிஸ்க்கைக் கவ்வும், கிறைண்டர் உங்களை நோக்கித் துள்ளும். ஒரு பக்கத்தை இறுக்கிப் போட்டு, வெட்டி எறியிற பக்கத்தைத் தொங்க விடுங்கோ. வாய் தானா விரியும்.

#5 அக்கராயன்வாசி

நன்றி அண்ணை. ஒரு கேள்வி. கிறைண்டரில மூடியைக் கழட்டிப்போட்டு 7 அங்குல டிஸ்க், இல்லாட்டி மரம் வெட்டுற பல்லு டிஸ்க் போட்டுப் பலகை அரியலாம் எண்டு சில காணொளியில காட்டினம். அப்பிடிச் செய்தால் வட்டவாள் வாங்கத் தேவையில்லையே?

#6 பரந்தன் பட்டறை

வேண்டாம் தம்பி. கணக்கைப் பாருங்கோ. பிசினில செய்த டிஸ்க்கின்ர விளிம்பு வினாடிக்கு 80 மீற்றருக்கு மேல போகக் கூடாது. அதுக்குத்தான் 4 அங்குல டிஸ்க்கில நிமிசத்துக்கு 15,300 சுற்று எண்டும் 7 அங்குலத்தில 8,500 எண்டும் போட்டிருக்கு. உங்கட கிறைண்டர் 11,000 சுத்தும். 7 அங்குலத்தை அதில போட்டால் விளிம்பு 104 மீற்றர் வேகம். துண்டு துண்டாப் பறக்கும், தடுக்க மூடியும் இல்லை.

பல்லு டிஸ்க் இன்னும் பொல்லாதது. வட்டவாளில பலகையோட ஒட்டி நிக்கிற அடித்தட்டு இருக்கு, பாதி டிஸ்க்கை மூடுற மூடி இருக்கு. கிறைண்டரில இரண்டும் இல்லை. முதிரையில ஒரு கணு பட்டால் போதும், பல்லு கடிச்சு கிறைண்டர் கையை மீறிப் பாயும். கழுத்து, தொடை, இடக்கை, இந்த மூன்று இடத்தையும்தான் அது வெட்டும். இதில விட்டுக்கொடுப்பே இல்லை.

#7 நெடுங்கேணித் தச்சு

வட்டவாளும் உடனே தேவையில்லை. பலகையை நெடுக்கா அரியிற வேலையை மரக்காலையில விடுங்கோ. 1½ அங்குலச் சட்டம், 1 அங்குலப் பலகை எண்டு சொன்னால் அவையே அரிஞ்சு தருவினம். வாங்கின சிட்டையைப் பத்திரமா வையுங்கோ. சொந்தக் காணி மரம் எண்டால் வெட்ட முதல் கிராம அலுவலரிட்டயும் பிரதேச செயலகத்திலயும் விசாரிச்சு, ஏத்திக்கொண்டு போறதுக்கு அனுமதி எடுங்கோ.

வட்டவாள் வாங்கத்தான் போறீங்கள் எண்டால் 7¼ அங்குலம், 1200 வாற்றுக்குக் குறையாமல். நெடுக்கா அரிய 24 பல்லு, குறுக்கா வெட்ட 40 பல்லு. பல்லு பலகைக்குக் கீழ 5 மி.மீ. தெரியிற அளவுக்கு ஆழம் வையுங்கோ, அதுக்கு மேல வேண்டாம். ஈரம் காயாத முதிரை வெட்டின பின்னால வாயை மூடிக் கவ்வும், ஒரு ஆப்பு கையில இருக்கட்டும்.

அரிஞ்சு வந்த பலகையை உடனே கதவாக்காதேங்கோ. நிழலில, நிலத்தில படாமல், 2 அடிக்கு ஒரு இடைக்கட்டை வைச்சு அடுக்கி, மேல பாரம் ஏத்திக் காய விடுங்கோ. பச்சையில அடிச்ச கதவு சோளகக் காத்துக் காலத்தில காய்ஞ்சு முறுகும், மாரியில ஊதி நிலையில இறுகும்.

முதிரைத் தூள் சிலருக்குத் தோலில படை போடும், கண் எரியும். சீவுறதுக்கும் மணல்தாள் போடுறதுக்கும் முகமூடியும் முழுக்கைச் சட்டையும் போடுங்கோ.

#8 மல்லாவி மேசன்

ட்றில்லைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. ரோட்டரி ஹாமர் ஒன்றை வாங்கினால் சுவர், கொங்கிறீற், மரம் மூன்றும் முடிந்தது என்பது என் அபிப்பிராயம். 2 கிலோ வகுப்பில் 800 வாற், 26 மி.மீ. வரை கொங்கிறீற் துளைக்கும். லின்டலில் (கதவு, யன்னலுக்கு மேலுள்ள கொங்கிறீற் விட்டம்) ஒரு 10 மி.மீ. துளை அரை நிமிடம். சாதாரண இம்பக்ற் ட்றில்லோடு அதே துளைக்கு மல்லுக்கட்ட வேண்டும். இம்பக்ற் ட்றில் நிமிடத்துக்கு 40,000 தரம் தட்டும், ஆனால் ஒவ்வொரு தட்டும் ஊசிக்குத்து மாதிரி. ரோட்டரி ஹாமர் 4,000 தரம்தான் அடிக்கும், ஒவ்வொரு அடியும் 2 யூலுக்கு மேல்.

#9 நெடுங்கேணித் தச்சு

கொங்கிறீற்றுக்கு நீங்கள் சொல்றது சரி, மரத்துக்குச் சரிவராது. ரோட்டரி ஹாமரின்ர வாய் பிற்றை இறுக்கிப் பிடிக்காது, முன்னுக்குப் பின்னுக்கு அசைய விட்டுத்தான் வைச்சிருக்கு. அதில ஒரு மாற்று வாய் பூட்டி மரப் பிற் போட்டால் நுனி ஆடும். பிணைச்சலுக்கு 3 மி.மீ. துளை போடேக்க அந்த ஆட்டம் துளையை விரிக்கும், ஸ்குறூ பிடிக்காது. வேகமும் குறைவு.

#10 மல்லாவி மேசன்

அதை ஒத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் தம்பியின் பட்டியலில் சுவர் வேலை குசினித் தட்டு மட்டும்தானே. சீமெந்துக் கல்லுக்கு உண்மையில் ஹாமர் தேவையே இல்லை, கெடுதிதான். 6 அங்குலக் கல்லில் அநேகமாக உள்ளே பொந்து இருக்கும், முன்பக்கச் சுவர் ஒரு அங்குலம் சொச்சம்தான். அடித்துத் துளைத்தால் உள்வாய் கோப்பை மாதிரி உடைந்து விழும். வெளியில் பார்த்தால் 8 மி.மீ. துளை, உள்ளே 40 மி.மீ. பள்ளம். ஸ்குறூ பிடிக்கத் துளைக்குள் செருகும் றோல் பிளக்கைப் போட்டு ஸ்குறூவை முறுக்கினால் பிளக்கோடு சேர்ந்து சுற்றும்.

13 மி.மீ. வாயுள்ள, 600 தொடக்கம் 750 வாற் இம்பக்ற் ட்றில் எடுங்கள். வேகம் கூட்டிக் குறைக்கக் கூடிய சுவிட்ச் இருக்க வேண்டும். சீமெந்துக் கல்லில் தட்டும் பொத்தானை அணைத்துவிட்டு, கல் பிற்றால் வெறும் சுற்றிலேயே துளையுங்கள். பொந்தில் விழுந்தது கைக்குத் தெரியும், திடீரென்று தள்ளல் இல்லாமல் போகும். தட்டு பாரம் தாங்க வேண்டியதென்றால் அந்த இடத்தில் துளையை 25 மி.மீ. அளவுக்குப் பெருப்பித்து, உள்ளே தண்ணீர் தெளித்து, 1:3 சாந்தை இறுக்கி அடைத்து, அதற்குள் போல்ற்றின் தலையைப் புதைத்துவிடுங்கள். 7 நாள் நனைத்துவிட்டுத்தான் தட்டைக் கொழுவ வேண்டும். அரிசிச் சாக்கு வைக்கிற தட்டென்றால் சுவரின் மறுபக்கம் வரை துளைத்து, அங்கே 4 அங்குலச் சதுரத் தகடு வைத்து நட் போடுவதுதான் நிலையானது.

ரோட்டரி ஹாமரை வாடகைக்கு எடுங்கள். லின்டலில் துளைக்கும்போது கம்பி தட்டுப்பட்டால் சத்தம் மாறும், பிற் இறங்காது. அழுத்தாமல் நிறுத்தி ஒரு அங்குலம் தள்ளித் துளையுங்கள். கம்பியில் மாட்டினால் மணிக்கட்டை முறுக்கிவிடும்.

#11 நெடுங்கேணித் தச்சு

பாலை நிலையில பிணைச்சல் போடுறதைச் சொல்லிவிடுறன், ஏனெண்டால் இங்கதான் ஸ்குறூத் தலை முறியும். பாலை தண்ணியில போட்டால் தாழுற மரம். 8ஆம் நம்பர் ஸ்குறூவுக்கு 3 மி.மீ., 10ஆம் நம்பருக்கு 3½ மி.மீ. துளை, ஸ்குறூவின்ர முழு நீளத்துக்கும். தட்டையான மர பிற் வேண்டாம், இரும்பு துளைக்கிற பிற்தான் பாலைக்கு. மெதுவான சுற்று, ஒவ்வொரு 10 மி.மீ.க்கும் பிற்றை வெளியில எடுத்துத் தூளைத் தட்டுங்கோ. தூள் வெளியேறாட்டில் பிற் சூடாகி நீலம் பாயும், துளைச் சுவர் கரிஞ்சு பளபளக்கும்.

பித்தளை ஸ்குறூ எண்டால் முதலில அதே அளவு இரும்பு ஸ்குறூவைப் போட்டு மரை வெட்டிக் கழட்டிப்போட்டு, பிறகு பித்தளையைப் போடுங்கோ. புரியில மெழுகுதிரி தேயுங்கோ. சவர்க்காரம் தேய்க்கிறவை உண்டு, சவர்க்காரம் ஈரத்தை இழுக்கும், உள்ளுக்கு ஸ்குறூ துருப்பிடிக்கும்.

உளி தீட்டுறது: பாலைக்கு வாய்ச் சாய்வு 30 முதல் 35 பாகை. 25 வைச்சால் கூராத்தான் இருக்கும், இரண்டாவது அடியில நுனி உதிரும். கண்ணாடித் துண்டில 400, 800, 1500 மணல்தாளை ஒட்டி வைச்சால் போதும், விலை கூடின கல் தேவையில்லை. கூர் வந்துதோ எண்டு பார்க்க, வாயை வெளிச்சத்துக்கு நேர பிடிச்சு மேலால பாருங்கோ. மழுங்கின வாயில வெள்ளை நூல் மாதிரி ஒரு கோடு மினுங்கும். கூரான வாயில ஒண்டும் தெரியாது, கறுப்பாத்தான் இருக்கும். நூல் எந்த இடத்தில விட்டு விட்டுத் தெரியுதோ அந்த இடத்தில இன்னும் தீட்ட வேணும்.

#12 அக்கராயன்வாசி

ஜப்பானில இருந்து வாற பாவிச்ச கருவிகள் பாதி விலைக்குக் கிடைக்குது. ட்றில்லும் சீவுளி மெசினும் நல்ல உறுதியாத் தெரியுது. எடுக்கலாமா?

#13 ஓமந்தை வயர்மன்

எடுக்கலாம், பெயர்த்தகட்டை வாசித்த பிறகு. ஜப்பான் வீட்டு மின்சாரம் 100 வோல்ற். தகட்டில் 100 என்று இருந்தால் நேராக இங்கே குத்தக் கூடாது. 230இல் போட்டால் 2.3 மடங்கு வோல்ற், சக்தி ஐந்து மடங்குக்கு மேல். சில வினாடிகளில் மோட்டரின் கம்பிச் சுற்று எரிந்துவிடும். இறக்கு ட்றான்ஸ்போமர் வேண்டும், 1000 வாற் கருவிக்கு 1.5 கேவீஏ. அது பத்துக் கிலோவுக்கு மேல் பாரம். அதன் விலையையும் கூரைக்கு ஏற்றி இறக்கும் சிரமத்தையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். இரண்டு மூன்று கருவி எடுக்கிறீர்களென்றால் கட்டுபடியாகும், ஒன்றுக்கு ஆகாது.

வாங்கும்போது மோட்டரின் இருபக்கமும் உள்ள திருகு மூடியைத் திறந்து கரிக்கட்டையை வெளியே எடுங்கள். 6 மி.மீ.க்குக் குறைந்தால் மாற்ற வேண்டும், அது சின்னச் செலவுதான். பிறகு துளை வழியே உள்ளே பாருங்கள். செம்புப் பட்டைகள் சீரான கபில நிறத்தில் இருந்தால் நல்லது. ஒன்று இரண்டு மட்டும் கருகி இருந்தால் சுற்றில் பழுது, எவ்வளவு மலிவென்றாலும் வைத்துவிட்டு வாருங்கள்.

#14 முல்லைக்கரை

ஆட்டுக்கொட்டில் கூரைக்குப் பற்றரி ட்றில்தான் வசதி. வயரை இழுத்துக்கொண்டு ஏணியில் ஏறுவது ஆபத்து. ஆனால் கடைகளில் 48, 88, 128 என்று பெரிய எண் அச்சிட்ட பற்றரிகள் நிறைய வருகின்றன. அந்த எண்ணை நம்ப வேண்டாம். உள்ளே ஐந்து செல் வரிசையாக இருந்தால் அது 18 வோல்ற் பற்றரி, அவ்வளவுதான். முழுதாகச் சார்ச் ஏறியதும் 20, 21 காட்டும். அதனால்தான் சில கம்பனி 18 என்றும் சில 20 என்றும் ஒரே பொருளுக்குப் போடுகிறது.

தராசில் வைத்துப் பாருங்கள். ஒரு செல் ஏறத்தாழ 45 கிராம். ஐந்து செல் பற்றரி கூட்டோடு 350 கிராம் சொச்சம், பத்துச் செல் என்றால் 600க்கு மேல். 6 அம்பியர் மணி என்று எழுதி 350 கிராம் நிறுத்தால் எழுத்து பொய். கூரைக்கு உண்மையான 2 அம்பியர் மணி பற்றரி இரண்டு இருந்தால் ஒன்று ஏறும்போது மற்றதில் வேலை செய்யலாம்.

தகரக் கொட்டிலுக்குள் பற்றரியை வைக்கவே வேண்டாம். வைகாசி மத்தியானத்தில் தகரத்தின் கீழ் 45 பாகையைத் தாண்டும், அந்தச் சூட்டில் லிதியம் பற்றரியைச் சார்ச் போட்டால் ஆயுள் குறையும். வீட்டுக்குள் குளிரான இடத்தில், பாதி சார்ச்சோடு வையுங்கள். மலிவான சோலார் இன்வேற்றரில் சார்ச்சரைக் குத்துவதும் நல்லதில்லை. அவற்றின் அலை படிக்கட்டு வடிவம், சில சார்ச்சர்கள் சூடாகி எரிந்துவிடும்.

அமானோ என்னும் பூச்சுப் பூசிய கூரைத் தகரத்தைக் கிறைண்டரால் வெட்டாதீர்கள். பொறி பட்ட இடமெல்லாம் மேல்பூச்சுக் கருகி, அடுத்த மாரிக்குள் புள்ளி புள்ளியாகத் துரு வரும். தகரம் வெட்டும் கத்தரி போதும். ஸ்குறூவை ட்றில்லின் கிளச்சைக் குறைத்து வைத்துப் போடுங்கள். றப்பர் வளையம் தகட்டின் ஓரத்தோடு மட்டமாக வந்ததும் நிறுத்த வேண்டும். வெளியே பிதுங்கினால் இரண்டு வெயிலில் வெடித்து ஒழுகும். பனஞ்சிலாகையில் போடுவதென்றால் முதலில் 4 மி.மீ. துளை. பனையின் வயிரப் பக்கத்தைப் பார்த்துத் துளையுங்கள், உள்ளே சோற்றியில் போட்ட ஸ்குறூவைக் காற்றே பிடுங்கிவிடும்.

#15 அக்கராயன்வாசி

மெத்தப் பெரிய உதவி அக்கா. உங்கட பக்கம் கடற்காத்துக்குக் கருவி துருப்பிடிக்காமல் என்ன செய்யிறனீங்கள்?

#16 முல்லைக்கரை

தேங்காய் எண்ணெய் பூச வேண்டாம், நாளாக நாளாகப் பிசினாக இறுகும். மண்ணெண்ணெய் துடைத்தால் அன்றைக்குச் சரி, ஆவியாகிப் போய்விடும். தையல் மெசின் எண்ணெயைத் துணியில் தொட்டு உளி, சீவுளி, வாள் எல்லாவற்றையும் துடைத்து, மூடி இறுக்கமான பெட்டியில் வையுங்கள். வாடைக்காற்றுக் காலத்தில் வாரம் ஒருமுறை. வியர்த்த கையால் பிடித்த இடத்தில்தான் துரு முதலில் வரும், வேலை முடிந்ததும் அதைத் துடைத்துவிட்டே வைக்க வேண்டும்.

#17 பரந்தன் பட்டறை

இனி கேற்றுக்கு வெல்டிங். 200 அம்பியர் எண்டு எழுதின இன்வேற்றர் வெல்டிங் மெசின் வாங்குங்கோ, ஆனால் 200இல ஒருநாளும் ஓட்ட மாட்டியள். 1½ அங்குல பொக்ஸ் பார், 1.6 மி.மீ. தடிப்பு எண்டால் 2.5 மி.மீ. 6013 றொட், 60 முதல் 75 அம்பியர். மெல்லிய இரும்புக்கு றொட்டை நெகற்றிவ் பக்கம் குத்துங்கோ, துளை விழுறது குறையும். ஒரே இழுவையா இழுக்காமல் 15 மி.மீ. போட்டு நிப்பாட்டி, சிவப்பு மங்கினதும் அடுத்த 15.

80 அம்பியரில மெசின் சுவரில இருந்து 10 முதல் 14 அம்பியர் இழுக்கும், 3.2 மி.மீ. றொட்டை 120இல போட்டால் 20ஐத் தாண்டலாம். 13 அம்பியர் பிளக்கில 3.2 போடாதேங்கோ, பிளக் கால் சூடாகிக் கறுக்கும். ஜெனரேற்றரில ஓட்டுறது எண்டால் 5 கேவீஏக்குக் குறைஞ்சு வேண்டாம்.

சட்டத்தை முழுசா வெல்டிங் பண்ண முதல் நாலு மூலையையும் பொட்டு வைச்சு, இரண்டு மூலைவிட்டத்தையும் ரேப்பால அளவுங்கோ. இரண்டும் ஒரே அளவு வந்தால் நாலு மூலையும் செங்கோணம். பிறகு எதிரெதிர் மூலையா மாறி மாறிப் போடுங்கோ. ஒரு பக்கமாவே போட்டுக்கொண்டு போனால் சூட்டில இழுத்துக் கேற் கோணலாகும்.

றொட் மாரியில ஈரம் குடிச்சால் பொரிபொரி எண்டு வெடிக்கும், வெல்டிங்கில ஊசித் துளை விழும். 2 அங்குல பீவீசீ குழாயில இரண்டு பக்கமும் மூடி போட்டு வையுங்கோ. GI எண்டு சொல்ற நாகம் பூசின குழாயை வெல்டிங் பண்ணினால் புகை ஆகாது. மூட்டைச் சுற்றி ஒரு அங்குலத்துக்குப் பூச்சைத் தேய்ச்சு எடுத்து, வெளியில காத்தோட்டத்தில செய்யுங்கோ. அந்தப் புகையைச் சுவாசிச்சால் இரவில குளிர்காய்ச்சல் வரும். பால் குடிச்சால் போகும் எண்டு சொல்லுவினம், போகாது.

கடைசியா ஒண்டு, இது போர்க்கால வெடிபொருள் இன்னும் கிடக்கக் கூடிய வன்னி எண்டபடியால் கட்டாயம் சொல்ல வேணும். பழைய இரும்பைப் பொறுக்கி வேலைக்கு எடுக்கேக்க, என்னவெண்டு தெரியாத குழாய், மூடின உருளை, கூம்புத் தலை உள்ள எதையும் கிறைண்டரில வைக்காதேங்கோ, தூக்கவும் வேண்டாம். தூண் குழி கிண்டேக்க அலவாங்கில இரும்பு தட்டுப்பட்டால் நிப்பாட்டி, வந்த வழியே திரும்பி, 119 பொலிஸ் இலக்கத்துக்குச் சொல்லுங்கோ. பழைய எண்ணெய் பீப்பாவை வெட்டுறதும் அப்பிடித்தான். காலியா இருக்கிற பீப்பாவுக்குள்ள நிக்கிற ஆவிதான் வெடிக்கிறது.

#18 அக்கராயன்வாசி

எல்லாரும் சொன்னதை வைச்சு இப்பிடி நினைக்கிறன். முதல் தவணை: கொட்டிலுக்கு 4 சதுர மி.மீ. வயரும் ட்ரிப் சுவிட்சும், உளி நாலு, வாள், மூலைமட்டம், ரேப், ரசமட்டம், இம்பக்ற் ட்றில். இரண்டாவது: கிறைண்டர், கண்ணாடி, காதடைப்பு, பற்றரி ட்றில். மூன்றாவது: வெல்டிங் மெசின். ஏதும் விட்டுப்போச்சா?

#19 நெடுங்கேணித் தச்சு

சீவுளியை விட்டிட்டியள், முதல் தவணையில சேருங்கோ. இறுக்கியும் இல்லை. கதவுப் பலகையை ஒட்டேக்க ஆறு இறுக்கி தேவைப்படும், கடையில வாங்கினால் அதுவே ஒரு தவணைக் காசு. 6 அங்குல ஜீ (G வடிவ) இறுக்கி இரண்டு மட்டும் வாங்குங்கோ, மிச்சத்தைச் செய்யலாம்.

கதவின்ர அகலத்தைவிட ஒரு அடி நீளமா 3க்கு 2 சட்டம் ஆறு எடுங்கோ, வளையாத பாலை எண்டால் நல்லது. ஒவ்வொண்டின்ர இரண்டு முனையிலயும் ஒரு கட்டையைப் போல்ற் போட்டு இறுக்குங்கோ. ஒரு கட்டை கதவு விளிம்போட முட்ட, மற்றதுக்கும் கதவுக்கும் இடையில 2 அங்குலம் இடைவெளி இருக்க வேணும். அந்த இடைவெளிக்கு ஒரே சாய்வில சீவின இரண்டு ஆப்பு, 10 அங்குல நீளத்துக்கு 1 அங்குலச் சாய்வு. இரண்டையும் எதிரெதிராச் செருகி, இரண்டு பக்கத்தாலயும் ஒரே நேரத்தில தட்டினால் பலகை நேரா நெருங்கும். ஒற்றை ஆப்பு அடிச்சால் பலகை பக்கவாட்டில நழுவும். மூன்று சட்டம் கதவுக்குக் கீழ, மூன்று மேல, மாறி மாறி. எல்லாத்தையும் ஒரே பக்கம் வைச்சால் இறுக்க இறுக்கக் கதவு வில்லு மாதிரி வளையும்.

சட்டத்துக்கும் பலகைக்கும் இடையில பொலித்தீன் துண்டு போடுங்கோ, இல்லாட்டி பசை இரண்டையும் சேர்த்துப் பிடிச்சிடும். வெள்ளைப் பசை எங்கட வெயிலில பத்து நிமிசத்தில தோல் கட்டும், அதால ஒட்டுறதைக் காலமை வெய்யில் ஏற முதல் வையுங்கோ. ஆப்பு எல்லாம் கைக்கெட்ட அடுக்கி, ஒருக்கால் பசை இல்லாமல் முழுசாப் பூட்டிப் பார்த்த பிறகுதான் பசைப் போத்தலைத் திறக்க வேணும்.